கால் கிலோ

மொன்டானாவில் வசிக்கும் என் தம்பி மூன்று ஆண்டுகளாக வேட்டைக்குப் போகிறான். உரிமம் பெற்று, பருவம் பார்த்து, எல்க் என்னும் பெரிய மான்களைத் தேடி மலையேறுவது அங்கே சட்டத்துக்கு உட்பட்டது. இங்கோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டை என்னும் பொழுதுபோக்கை முடித்துவைத்துவிட்டன. அவன் அந்தப் பேச்சை எடுத்தால் நான் மாற்றிவிடுவேன். சென்ற மாதம் அது நடக்கவில்லை. அவன் அழைத்தது அப்பாவை.

அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1971 முதல் 2009 வரை கடைசல் இயந்திரத்தில் நின்றவர். எழுபத்தாறு வயதில், பட்டாபிராம் வீட்டுத் திண்ணையில், எவரும் அவரிடம் இரும்பைப் பற்றிக் கேட்பதில்லை.

தம்பி புதிய துப்பாக்கி வாங்க இருந்தான். அதன் 'ஆக்ஷன்' டைட்டானியமா, எஃகா என்பது கேள்வி. தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டி, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பகுதி அது. முப்பது நாட் சிக்ஸ் என்று சொல்லப்படும் தோட்டாவில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகலாம்.

"தாங்குறதுல ரெண்டும் தாங்கும். உள்ள ஓடுற போல்ட்டு எதுல செய்யறான்?" என்றார் அப்பா.

போல்ட் எஃகுதான் என்றான் தம்பி. அப்பா தலையசைத்தார். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடும் என்று எனக்கு விளக்கினார். பிறகு எடைக்கு வந்தார். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். முழுத் துப்பாக்கியில் மிச்சமாவது சுமார் கால் கிலோ.

"துப்பாக்கி பத்துல ஒரு பங்கு லேசானா, உதை ஒன்பதுல ஒரு பங்கு கூடும். தூக்க சுகமா இருக்கும். மூச்சு வாங்கறப்போ குறி நிக்காது."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தம்பி, எனக்கு ஒருபோதும் சொல்லாததைச் சொன்னான். முதல் ஆண்டில் இரவல் துப்பாக்கியால் சுட்ட பெண்மான் ஒன்று காயத்தோடு ஓடிவிட்டதாம். இருட்டும்வரை இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தானாம். மறுநாள் பனி பெய்து தடம் மறைந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் மலையேறி, சுடாமலே இறங்கி வந்திருக்கிறான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாகத் துளைத்துச் சென்றதைப் பாடும் புறநானூற்று 152-ஆம் பாட்டை ஆண்டுதோறும் மகிழ்ச்சியோடு நடத்துகிறவன் நான். வில்லின் வன்மையை விளக்குவேன். புலவரின் வியப்பை விளக்குவேன். அம்பு பாதியில் நின்றிருந்தால் அந்த யானை என்ன ஆகியிருக்கும் என்று நானும் கேட்டதில்லை, மாணவர்களும் கேட்டதில்லை. உடன்பிறந்தவனை மட்டும் கொலைகாரனாக எண்ணி மூன்றாண்டுகள் வாயடைத்து வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் டைட்டானியத்தையே வாங்கினான். முழங்கால் வலியோடு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டியிருக்கிறதாம். தன் ஆலோசனையை மகன் தள்ளிவிட்டான் என்று அப்பா வருந்துவார் என நினைத்தேன். செய்தியைச் சொன்னபோது இந்துக் கல்லூரி நிலையத்தை நோக்கி மின்ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் ஓசை அடங்கும்வரை காத்திருந்தார்.

"அப்படின்னா, இன்னும் கிட்டப் போய்ச் சுடச் சொல்லு. முடியலன்னா சுடவேணாம்னு சொல்லு."

அன்றிரவு தம்பியை நானே அழைத்தேன். பேச்சை மாற்றவில்லை.