எதிர்க்காற்றும் கரைவழியும்

"செபமாலையைக் கையில இருந்து இறக்காமத்தானே இருந்தோம், எய்யா! தண்ணி வரத்தான செஞ்சுது?"

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, பொருநைக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் என் சித்தி கேட்ட கேள்வி இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நம் மறைமாவட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. சித்தியின் வீட்டுக்குள் இடுப்பளவு நீர். குலை தள்ளும் பருவத்தில் நின்ற வாழை முழுவதும் சாய்ந்து அழுகியது. அவர் கேட்டதற்கு அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று வாய்வரை வந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். சேற்றில் நிற்பவரிடம் உலர்ந்த திண்ணையில் இருப்பவன் சொல்லத்தக்க சொல் அன்று அது.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே, சில மாதங்கள் கழித்து, ஆற்றின் போக்கிலேயே கடல்வரை சென்றுவர விரும்பினேன். பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் இரயில் ஏறினேன். செய்துங்கநல்லூரைத் தாண்டியதும் வயல்கள் தொடங்கிவிடுகின்றன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டி நின்றபோது பயணிகள் பலரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தனர். வெள்ள இரவில் சென்னை செல்லும் விரைவு வண்டி இங்கேதான் ஏறத்தாழ 800 பேருடன் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த சரளைக்கல்லை வெள்ளம் அரித்துச் சென்றுவிட்டது. புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கி அந்நியரின் பசியாற்றினார்கள். அவர்கள் வீடுகளுக்கும் அன்று வெள்ளம்தான் வேலி.

பொதிகையில் பிறக்கும் இவ்வாற்றுக்கு எட்டு அணைக்கட்டுகள்; ஸ்ரீவைகுண்டமே கடைசி. அதற்கப்பால் ஆறு தன் விருப்பம்போல் நடக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கடலை இழந்து இன்று உள்நாட்டு ஊராகிவிட்டது. அதன்பின் மார்க்கோ போலோ கண்ட காயல் துறைமுகமாயிற்று. அதுவும் தூர்ந்து பழையகாயல் என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. கடைசியாகக் கழிமுகத்தில் புன்னைக்காயல். இங்கே கடல் ஊரைவிட்டு விலகிப் போவது புதிய செய்தியே அன்று.

ஆத்தூர் வழியாக, வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து புன்னைக்காயல் சேர்ந்தேன். (ஆத்தூர் வெற்றிலை வாங்காமல் வந்ததற்கு வீட்டில் கடிந்துகொண்டார்கள், அது வேறு கதை.) வெள்ளத்தில் இவ்வூர் தீவாய்த் துண்டிக்கப்பட்டது. ஆற்றுநீர் கடலில் கலக்கும் முகத்தருகே அமர்ந்தபோது, புனித சவேரியாரின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. 1544இல் அவர் எழுதியவற்றுள் சில, இவ்வூரிலிருந்தே எழுதப்பட்டவை.

அவ்வாண்டு ஜூன் மாதம் வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிய தென்கோடிக் கிறிஸ்தவர்கள், கன்னியாகுமரிக் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் அவர்களுக்கு உதவப் புறப்பட்டார் சவேரியார். அவர் செபிக்கவில்லை என்று யார் சொல்வார்? ஆயினும் காற்று எதிர்த்தது. துடுப்பு வலித்தும் பயனில்லை. எட்டு நாள் கடலில் அலைந்து, குமரியை அடையாமலே திரும்பினார். பின்னர் கரைவழியே நடந்து போனார். உண்ண ஏதுமற்றவர்களையும், நடக்கமாட்டாத முதியவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்களையும் கண்டதாக எழுதுகிறார். காற்று ஏன் திரும்பவில்லை என்ற ஆராய்ச்சி அவர் எழுத்தில் இல்லை. காற்று மாறும் என்று கரையில் காத்திருக்கவும் இல்லை.

சவேரியார் இக்கரையில் இருந்தது சிறிது காலமே. அவர் அனுப்பிவைத்த அண்ட்ரிக் அடிகளாரோ ஒரு வாழ்நாளையே இங்கு கழித்தார். எனக்கு அவரிடமே அதிகம் மனம் ஒட்டுகிறது. போர்த்துக்கல் நாட்டினரான அவர் யூத வழித்தோன்றல் என்பதற்காகப் பிரான்சிஸ்கன் சபையினர் அவரை விலக்கிவிட்டனர். பின்னர் சேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546இல், 26 வயதளவில், நலிந்த உடலோடு இந்தியா வந்தார். மொழிபெயர்ப்பாளர் துணையின்றி ஒரு வார்த்தை பேசமுடியாத நிலை. இலத்தீன் இலக்கண முறையில் தமிழ் வினைகளையும் வேற்றுமைகளையும் வகுத்து வகுத்துக் கற்றார். 1549இல் உடன்பணியாளர் கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டார். 1553இல் புன்னைக்காயலே தாக்கப்பட்டு, போர்த்துக்கீசியர் கோட்டை பறிபோயிற்று. அடிகளார் இக்கரையைக் கைவிட்டுப் போகவில்லை. 1578இல் கொல்லத்தில் அவருடைய "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. வெறும் 16 பக்கம். அதற்குக் கடந்தவை 32 ஆண்டுகள்! 1586இல் "அடியார் வரலாறு" வெளிவந்தது. 1600இல் இதே புன்னைக்காயலில் உயிர் நீத்தார்.

அவர் உலவிய கரை எது என்று தேடினேன். ஆறும் கடலும் எத்தனை முறை மாற்றி எழுதிய மணல் அது! வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், வெள்ளத்தின்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "வள்ளம் போற பக்கமெல்லாம் போனோம், போகாத பக்கம் நீந்திப் போனோம்" என்றார், ஊசியை நிறுத்தவில்லை.

திரும்பும் வழியில் சித்தி வீட்டில் இறங்கினேன். சவேரியாரின் எதிர்க்காற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"நடந்து போயி, சேந்துட்டாரா?"

"சேர்ந்துவிட்டார், சித்தி."

"அந்தப் பாறையில கெடந்த சனம்?"

"எல்லாரும் பிழைக்கவில்லை."

"ம்" என்றார். கொல்லையில் ஆள் கூப்பிடும் குரல் கேட்டது. வாழைக்கன்று ஊன்றக் குழி எடுக்க வந்தவர். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவு காட்டுவதற்காகச் சித்தி வெளியே போனார்.