எழ மறுக்கும் கணினி

இந்தப் பருவத்தில் மட்டும் எங்கள் துறையின் வாட்ஸாப் குழுவில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மடிக்கணினியை மூடினால் உறங்கிவிடுகிறது, திறந்தால் எழுவதில்லை. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால், ஒன்றுமே நடவாதது போல இயங்குகிறது. மூவருக்கும் குழுவில் கிடைத்த மறுமொழி ஒன்றுதான்: மதர்போர்டு போயிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

சென்ற குளிர்காலத்தில் எனக்கும் இதே மறுமொழிதான் கிடைத்தது. அது தவறு என்று உறுதிப்படப் பதினொரு நாள் ஆயிற்று. அந்த நாள்களில் தெரிந்துகொண்டதைக் குழுவில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட இங்கே ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் வரலாற்று மாணவி. கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இராது; மற்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சிக்கலின் பாதி அதில்தான் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின் வழியாக வராத முனைவர்பட்ட மாணவருக்கு உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். பல ஆண்டுகளாக இதே தொகைதான். தில்லியில் விடுதிக் கட்டணமும் மெஸ் கட்டணமும் போக அதில் என்ன மிஞ்சும் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். நேரு பிளேஸில் ஒரு கடையில் என் கணினியைப் பார்த்தவர் மதர்போர்டு மாற்ற 14,500 ரூபாய் கேட்டார். (இங்கே கடைக்காரரைப் ‘பையா’ என்றுதான் விளிக்க வேண்டும். அண்ணன் வயதில் இருப்பவரைப் பையா என்று அழைக்க என் தமிழ் நாக்கு பழக ஓராண்டு பிடித்தது.) அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். இரண்டு நிமிடம் பார்த்தார். கறுப்புத் திரையைக் கண்டார். அவருடைய தொழிலில் விலைபோவது எதுவோ அதைச் சொன்னார். ஒரு பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடும் நேரத்துக்கு அந்தச் சந்தையில் கூலி கிடையாது. பலகையை மாற்றினால்தான் கிடைக்கும். என் நெறியாளரும் அன்போடு, புதியது ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றார். ஆய்வு மாணவரின் கணினியைப் பேனாவைப் போல, தானாகவே கையில் இருக்கும் பொருளாகக் கருதும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் எப்படியோ வந்துவிட்டது.

என் வேலையோ உறக்கநிலையை நம்பி நடப்பது. ஆவணக் காப்பகத்தில் இரயில்வே கோப்புகளைப் படித்துப் படியெடுக்கிறேன். ஒரே நேரத்தில் இருபது முப்பது சாளரங்கள் திறந்திருக்கும்: ஒரு கடிதம், அதற்கு வந்த பதில், அதே மாதத்தின் இன்னொரு கோப்பு, என் குறிப்பு. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே பாதி ஆய்வு. மதிய உணவுக்கு மூடி வைத்துவிட்டுத் திரும்பும்போது அந்த அடுக்கு கலைந்துபோனால் மறுபடி அமைக்க ஒரு மணி நேரம் ஆகும். முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்குக்கு ஆறு வாரம் இருந்தது.

கணினி உறங்குவது என்றால் என்ன என்று அறியாமல் அது ஏன் எழவில்லை என்று கேட்க முடியாது. நாம் பொதுவாக உறக்கம் என்று சொல்வதற்கு எஸ்3 என்று பெயர். அந்நிலையில் செயலி, திரை, வட்டு எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். ரேம் நினைவகத்துக்கு மட்டும் சிறு மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும். திறந்து வைத்திருந்த அனைத்தும் அந்தச் சிறு மின்னோட்டத்தில்தான் உயிரோடு இருக்கின்றன. எஸ்4 என்பது வேறு: நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துவிடும். ஏசிபிஐ என்னும் பொது விதிமுறை இந்த நிலைகளை வரையறுக்கிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1996 டிசம்பரில் அதை வெளியிட்டன. அதற்கு முன்பு ஏபிஎம் என்ற முறை இருந்தது. அதில் உறக்கத்தின் பெரும்பகுதியைக் கணினியின் பயாஸே பார்த்துக்கொண்டது. ஏசிபிஐ வந்தபின் பொறுப்பு பங்கிடப்பட்டது. கணினியைச் செய்த நிறுவனம் ஃபர்ம்வேரில் சில அட்டவணைகளை எழுதிவைக்கிறது; இயங்குதளம் அவற்றைப் படித்து நடக்கிறது; ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரும் தன் சாதனத்தை உறங்கவைத்து எழுப்புகிறது. இந்த மூன்று தரப்பையும் எழுதுபவர்கள் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு சம்பளப் பட்டியல்களில் இருக்கிறார்கள். ஒருவர் தம் பங்கில் ஒரு வரியை மாற்றினால் மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

எழுவது ஒற்றை நிகழ்வு அன்று. ஃபர்ம்வேர் செயலியை எழுப்பும். செயலி கெர்னலை, கெர்னல் சாதனங்களை ஒவ்வொன்றாக எழுப்பும். எல்லாம் முடிந்தபின்தான் நம் நிரல்கள் உறைநிலையிலிருந்து விடுபடும். இந்த வரிசையில் எந்தப் படியில் நின்றாலும் வெளியே நமக்குத் தெரிவது கறுப்புத் திரை ஒன்றுதான். ஆகவே கேட்க வேண்டிய முதற்கேள்வி, எந்தப் பாகம் கெட்டது என்பதன்று. எந்தப் படி வரை வந்தது என்பதே.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கறுப்புத் திரையின்போது கேப்ஸ்லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறுவிளக்கு எரிந்து அணைந்தால் கணினி எழுந்துவிட்டது. திரையோ வரைகலை டிரைவரோதான் தகராறு செய்கிறது. வெளித்திரை ஒன்றை இணைத்தால் அது இன்னும் தெளிவாகும். விளக்கு அசையவில்லையென்றால் எழும் வழியிலேயே எங்கோ நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம். என்னுடையது அசையவில்லை.

அடுத்து, பதிவேடு. நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். அதில் முந்தைய அமர்வின் பதிவுகளைத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் கடைசி வரி ஒன்றாகவே இருந்தது: உறக்கம் தொடங்குகிறது என்ற அறிவிப்பு. அதன்பின் ஒன்றும் இல்லை. கோப்பின் கடைசித் தாளில் ஓர் ஆணை மட்டும் இருக்கும், அது நிறைவேறியதா என்று சொல்லும் தாள் இராது. காப்பகத்தில் இது எனக்குப் பழகிய மௌனம். ஆனால் இங்கே மௌனத்துக்குக் காரணம் எளியது. பதிவை எழுத வேண்டிய வட்டும் அப்போது உறங்கிக்கொண்டிருக்கிறது. நடந்ததை நினைவகம் மட்டுமே அறியும். பொத்தானை அழுத்தி அணைக்கும்போது அதுவும் அழிந்துபோகிறது. சாட்சியை நாமே அனுப்பிவைக்கிறோம்.

விடுதியில் எதிர் அறையில் இயற்பியல் ஆய்வு செய்யும் ஒடிசாப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் கெர்னலிலேயே இதற்கு ஒத்திகை வசதி இருப்பதைக் காட்டினாள். பிஎம் டெஸ்ட் என்று பெயர். உண்மையாக உறங்காமல், உறக்கத்தின் குறிப்பிட்ட படி வரை சென்று, ஐந்து நொடி நின்று, திரும்பிவருமாறு கெர்னலிடம் சொல்லலாம். முதல் ஒத்திகையில் நிரல்கள் மட்டும் உறையும். அடுத்ததில் சாதனங்களும் உறங்கும். அதற்கடுத்ததில் ஃபர்ம்வேரும் சேரும். இப்படிப் படிப்படியாக ஐந்து. “தீதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதிவையுங்கள்” என்று சொல்லிவிட்டு அவள் உறங்கப் போய்விட்டாள். முதல் ஒத்திகையில் கணினி திரும்பிவந்தது. இரண்டாவதில் வரவில்லை. நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் அதே இடத்தில் நின்றது. மதர்போர்டு பற்றிய பேச்சு அன்றிரவே வலுவிழந்தது. நிற்பது ஃபர்ம்வேர் உள்ளே வருவதற்கு முன்பே. ஏதோ ஒரு சாதனத்தின் டிரைவரில்.

எந்தச் சாதனம் என்பதற்கு இன்னொரு கருவி உண்டு. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதன் மீதான வியப்புதான். பிஎம் டிரேஸ் என்பது அதன் பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2006இல் எழுதியது. எல்லாம் அணைந்தபின்னும் நினைவு வைத்திருக்கும் பொருள் கணினியில் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று உண்டு: சிறு மின்கலத்தில் ஓடும் கடிகாரம். எழும்போது ஒவ்வொரு படியிலும், தான் வந்து நிற்கும் இடத்தைச் சுருக்கி ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைக் கடிகாரத்தில் தேதியாகவும் நேரமாகவும் கெர்னல் எழுதிவைக்கிறது. கணினி நின்றுபோனால், சில நிமிடங்களுக்குள் மறுபடி தொடங்க வேண்டும். தாமதித்தால் கடிகாரம் ஓடி எண் மாறிவிடும். தொடங்கும்போது கெர்னல் அந்தத் தேதியைப் படித்து, கடைசியாக எந்த இடத்தில் நின்றது என்று சொல்லும். விலையாகக் கடிகாரத்தில் தேதி கெட்டுப்போகும். என் கணினி 2041ஆம் ஆண்டில் விழித்தது. தேதி பொய்யான ஓர் ஆவணம் அந்தப் பொய்யினாலேயே உண்மையைச் சொல்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த எண் இரண்டு சாதனங்களுக்குப் பொருந்தியது. சுருக்கிய எண் என்பதால் இப்படி நேர்வதுண்டு. ஒன்று வைஃபை அட்டை, மற்றொன்று யூஎஸ்பி கட்டுப்படுத்தி. வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு உறங்கவைத்தேன், எழுந்தது. சேர்த்தேன், எழவில்லை. யூஎஸ்பியை நீக்கி வைஃபையை வைத்துப் பார்த்தேன், எழவில்லை. ஒவ்வொரு நிலையிலும் இருபது முறை, ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். ஒரு முறை எழுந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது இந்த வகைப் பழுதில் மிகப் பெரிய பொறி; ஐந்தில் ஒரு முறை மட்டும் நிற்கும் கணினிகள் உண்டு.

பிறகு வரலாற்று மாணவிக்குரிய வேலை. கணினியில் எந்த நாளில் எது நிறுவப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். கணினி முதன்முறை எழாமற்போன நாளை என் நாட்குறிப்பில் பார்த்தேன். அதற்கு முந்தைய மாலைதான் புதிய கெர்னல் தானாக வந்து நிறுவப்பட்டிருந்தது. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தெரிவுசெய்து நுழைந்தேன். வைஃபை இருந்தும் எழுந்தது, இருபதுக்கு இருபது. இப்போதைக்கு, உறங்குமுன் வைஃபை டிரைவரை இறக்கி எழுந்தபின் ஏற்றும் எட்டு வரிக் கோப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கணினி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை உறங்கி எழுகிறது. 14,500 ரூபாய் என்னிடம் இல்லை. அதனால் அது மிஞ்சியது என்றும் சொல்ல முடியவில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒத்திகைகள் இல்லை. ஆனாலும் வழி உண்டு. கட்டளைச் சாளரத்தில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையைச் சாய்கோடு ‘ஏ’ சேர்த்து இட்டால், உங்கள் கணினிக்கு எந்தெந்த உறக்கநிலைகள் உண்டு என்று தெரியும். பல புதிய மடிக்கணினிகளில் எஸ்3 இருக்கவே இருக்காது. 2012இல் விண்டோஸ் 8 உடன் தொடங்கி, பின்னர் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர்பெற்ற முறை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அதில் கணினி முழுவதும் உறங்குவதில்லை, கைபேசியைப் போல அரைக்கண் மூடிக் கிடக்கிறது. பைக்குள் வைத்த கணினி சூடாகி, மின்கலம் தீர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணமாகலாம். அதைப் பழுது என்று கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று கண்டு அஞ்சவும் வேண்டாம்: முறைப்படி அணைக்கப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அன்று. அண்மையில் வரைகலை அல்லது வைஃபை டிரைவர் புதுப்பிக்கப்பட்டிருந்தால், டிவைஸ் மேனேஜரில் முந்தைய பதிப்புக்குத் திரும்பிப் பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ‘ஷட் டவுன்’ கூட முழு அணைப்பு அன்று. கெர்னலை வட்டில் எழுதிவைத்துவிட்டே அணைகிறது. சோதிக்கும் நாள்களில் ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதே சரி.

வன்பொருள் பழுதே இருக்காது என்று நான் சொல்லவில்லை. குழுவில் கேட்ட மூவரில் ஒருவருக்கு வரைகலை டிரைவரைப் பின்னுக்குக் கொண்டுபோனதும் சரியாயிற்று. இன்னொருவருக்கு ரேம் தகடு உண்மையிலேயே கெட்டிருந்தது. இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓடவிட்டதில் பிழைகள் வரிசையாக வந்தன, மாற்றியதும் எழுந்துவிட்டது. மதர்போர்டுக்குச் சொன்ன விலையில் சிறு பங்குதான் செலவு.

மூன்றாமவரின் கணினி இன்னும் எழவில்லை. கேப்ஸ்லாக் விளக்கு அசைகிறது, வெளித்திரையிலும் ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை மாலை நூலக வாசலில் உட்கார்ந்து பார்ப்பதாக இருக்கிறோம். இதே நிலையைக் கண்டவர்கள் யாரேனும் இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த எட்டு வரிக் கோப்பு வேண்டுவோர் கேட்டால் அனுப்பிவைக்கிறேன். உங்கள் வைஃபை டிரைவரின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.