மாதம் முதலா, நாள் முதலா

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அமெரிக்க பையர் ஒருவரின் பர்ச்சேஸ் ஆர்டரில் (பிஓ) ஷிப்மென்ட் தேதி 04/05 என்று இருந்தது. அவர்கள் எழுதியது ஏப்ரல் 5. நான் படித்தது மே 4. ஒரு மாதம் கோட்டை விட்டேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. மற்றவர்கள் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னால் பலர் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது, நீ என்ன செய்வாய் என்கிறார்கள். வழக்கம் மாறுவது உண்மைதான். அமெரிக்காவில் மாதம் முதலில். நம் நாட்டிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் நாள் முதலில். ஜப்பான், சீனா, கொரியாவில் ஆண்டு முதலில், ஹங்கேரியிலும் அப்படித்தான். தாய்லாந்தில் ஆண்டே வேறு, நம் கணக்கோடு 543 கூட்ட வேண்டும். நாளும் மாதமும் பன்னிரண்டுக்குள் அடங்கும் தேதிகள் ஆண்டுக்கு 144. அவற்றில் 01/01, 02/02 போன்ற பன்னிரண்டைக் கழித்தால் 132. ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நாட்களை, வெறும் எண்ணில் எழுதினால், இரண்டு விதமாகப் படிக்கலாம். இந்தக் குழப்பத்துக்காகவே 1988இல் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் வந்தது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொல்கிறது.

இதில் முக்கால்வாசி எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்த தவறு என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் கம்பெனிக்கு அதுவரை ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி ஆர்டர்கள்தான். அளவெல்லாம் சென்டிமீட்டரில் வரும், தேதி நம்மைப் போலவே வரும். அமெரிக்க ஆர்டர் அதுதான் முதல். டெக் பேக் என்கிற அளவு விவரத் தாள் முழுக்க அங்குலம். மார்புச் சுற்றில் பாதி இருபதரை அங்குலம் என்றிருந்ததை 52.07 சென்டிமீட்டர் என்று மாற்றி எழுதியவன் நான். துணியின் எடையைச் சதுர கெஜத்துக்கு 5.3 அவுன்ஸ் என்று கொடுத்திருந்தார்கள். அதைச் சதுர மீட்டருக்கு 180 கிராம் (ஜிஎஸ்எம்) என்று மாற்றி நிட்டிங்குக்குச் சொன்னவனும் நான். சட்டப்படி நம் நாடு 1958 அக்டோபரிலேயே மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கிவிட்டது. ஆனாலும் எங்கள் டெய்லர்கள் வாயில் இன்றைக்கும் இன்ச்தான். டேப்பின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவில் நின்று பிழைப்பு நடத்துவதே என் வேலையாக இருந்தது. அளவை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவனுக்குத் தேதியையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். தோன்றியது. ஒருவர் வந்து சொல்லவும் செய்தார்.

எனக்குக் கீழே ஜூனியராக ஒரு பெண் இருந்தார். கல்லூரி முடித்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எந்தத் தேதிக்கு நூல், எந்தத் தேதிக்கு நிட்டிங், டையிங், கட்டிங் என்று ஷிப்மென்ட் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் சார்ட்டை அவர்தான் டைப் செய்வார். அந்த பிஓவைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "அண்ணா, இது மே மாசமா ஏப்ரலாங்களா?" என்று கேட்டார். "மே" என்றேன். அவர் போகவில்லை. தாளின் வலது மூலையில் விரலை வைத்தார். ஆர்டர் போட்ட தேதி அங்கே இருந்தது. 01/18.

பதினெட்டாம் மாதம் என்று ஒன்று கிடையாது.

அதை நான் பார்த்தேன். அவருடைய விரல் நகத்துக்கு மேலே அந்த எண் தெளிவாகத் தெரிந்தது. ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "அது அவங்க சிஸ்டத்துல தானா விழுற தேதி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் பார்க்காத பிஓவா?" என்றேன். அவர் முகம் சிவந்தது. "சரிங்கண்ணா" என்று போய்விட்டார்.

சார்ட்டை எல்லாப் பிரிவுக்கும் அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை வந்தார். "எதுக்கும் பையருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கலாங்களா அண்ணா?" என்றார். அந்த மெயிலுக்கு ஒரு வரி போதும். நம் மாலை அவர்களுக்குக் காலை. ஆறு மணிக்கு அனுப்பினால் நாம் தூங்கி எழுவதற்குள் பதில் வந்திருக்கும். நான் விடவில்லை. முதல் அமெரிக்க ஆர்டர். தேதி படிக்கத் தெரியாதவன் என்று பையர் நினைத்துவிடுவான் என்று பயந்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. முன்பு மேசையருகில் அவரிடம் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். நேற்று வந்த பெண் சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்று ஆகும். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "அனுப்பு" என்றேன்.

அந்த ஆர்டருக்கு வழக்கத்தைவிட அதிக நாள் கிடைத்தது போல இருந்தது. ஜனவரி 18இல் போட்ட ஆர்டருக்கு மே வரை நாள் கிடைப்பது எங்களுக்கு வழக்கமில்லை. அதுவும் ஓர் எச்சரிக்கைதான். நானோ அதை என் சாமர்த்தியமாக எடுத்துக்கொண்டேன். நாள் நிறைய இருக்கிறதே என்று, டையிங்கில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த முறையை வேறு ஓர் ஆர்டருக்கு விட்டுக்கொடுத்தேன்.

மார்ச் நடுவில் பையரிடமிருந்து மெயில் வந்தது. கண்டெய்னர் புக்கிங் ஆகிவிட்டதா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு எந்த நாள் என்று கேட்டிருந்தார்கள். நிட்டிங் முடிந்த ரோல்கள் அன்று சாயம் ஏறாமல் குடோனில் கிடந்தன. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாற்றி அனுப்பும் சரக்கு. ஏப்ரல் 5க்கு அது நடக்காது என்று அந்த மெயிலைப் படித்து முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்தது.

டையிங்கில் அவசரப்படுத்தினோம். லாட்டுக்கு லாட் ஷேடு மாறியது. பிரித்து அடுக்கி வெட்ட நேரமில்லை. உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று பீஸ்கள் வந்தன. செக்கிங் மேசையில் பெண்கள் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார்கள். ஒதுக்கியதில் பாதியைத் திரும்ப உள்ளே போடச் சொன்னேன்.

தையலை வெளியே ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கொடுத்திருந்தோம். யூனிட்காரர் டெய்லராக இருந்து, கடன் வாங்கி ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் போட்டவர். ஒன்றரை ஷிப்ட் என்பது திருப்பூரில் சாதாரணம், இரவு எட்டரைக்கு முடியும். எங்கள் ஆர்டருக்கு விடிய விடிய ஓட்டினார்கள். அது பங்குனி. டெய்லர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். அந்த வருடம் போகவில்லை. ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யூனிட் வாசலில் என் முன்னால் நின்றார். "பிள்ளைக்கு மொட்டையெடுத்துக் காது குத்தணும் சார். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு" என்றார். "நான் என்ன பண்ண? பையர் தேதிய முன்னாடி இழுத்துட்டான்" என்றேன். பொய். அதையே யூனிட்காரரிடமும் சொல்லியிருந்தேன். அந்த டெய்லர் பையைக் கழற்றி மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பையர் கொஞ்சம் இறங்கி வந்தார். சில நாள் கூடுதலாகக் கொடுத்தார், ஆனால் விமானத்தில் அனுப்பச் சொன்னார். கப்பல் வாடகை என்றால் அவர்களுடையது. தாமதம் எங்களுடையது என்பதால் விமான வாடகை எங்கள் தலையில் விழுந்தது. அதில் ஒரு பகுதியை முதலாளி ஜாப் ஒர்க் பில்லில் பிடித்தார். தையல் குறை, அளவு குறை என்று காரணம் எழுதிக் கொடுத்தவன் நான். குறைகள் இருந்தது நிஜம். இரவு இரண்டு மணிக்குத் தைத்தவை என்று நான் எழுதவில்லை. அடுத்த தீபாவளிக்குள் யூனிட்காரர் மெஷின்களை விற்றுவிட்டார். அவருக்கு வேறு கடன்களும் இருந்தன. அதைச் சொல்லி என் பங்கைக் குறைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

இனி நான் சொல்லக் கூசுவதைச் சொல்கிறேன்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். சார்ட்டை மேசையில் போட்டு, "இதைப் போட்டது யாரு?" என்றார். தாளின் அடியில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சார்ட்டைப் பார்த்தேன். நான் பேசுவேன் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரியும். பிறகு அவரே, "நான்தாங்க சார்" என்றார். "இந்தத் தேதியை நான் சொன்னேன், அவர் மறுத்தார்." இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். முதலாளி அவரைத் திட்டியபோது நான் தலையாட்டிக்கூட இருக்கலாம். அந்த மாதச் சம்பளத்தோடு அவர் நின்றுவிட்டார்.

பிறகு நான் ஆறுதல் தேடினேன். என்னைப் போலவே பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள் என்று படித்துப் படித்து மனதைத் தேற்றினேன். 1983இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியது. கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டிருந்தார்கள். யாரும் சாகவில்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் அழிந்தது. லாக்ஹீட் மார்ட்டின் எழுதிய மென்பொருள் உந்தத்தைப் பவுண்டு கணக்கில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட நாசாவின் ஆய்வகம் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கு ஒன்று 4.45 மடங்கு வித்தியாசம். நாசாவே தவறும்போது நான் எம்மாத்திரம் என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

அந்த ஆர்பிட்டர் விபத்தின் விசாரணை அறிக்கை பற்றி விரிவாகப் படித்தபோது அந்த ஆறுதலும் போயிற்று. விண்கலம் போகும் வழியில் ஏதோ இடிக்கிறது என்று வழிகாட்டும் குழுவில் இருந்தவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். சொல்லவும் சொன்னார்கள். அந்தச் சந்தேகம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பவுண்டும் நியூட்டனும் வேறு வேறு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது 01/18 மேல் வைத்த விரல்தான் என் கண்ணில் நின்றது. அவர்களிடத்திலாவது சந்தேகம் எங்கோ வழியில் சிக்கியது. என் அலுவலகத்தில் அது சரியான ஆளிடம்தான் வந்தது. அந்த ஆள் நான்.

வேலையை விட்ட பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னேன். "முடிஞ்சு போன கதை, விடுங்க தம்பி" என்றார். அவரால் விட முடிந்தது. யூனிட்காரரையும் தேடிப் போனேன். இப்போது வேறொருவர் யூனிட்டில் சூப்பர்வைசர். டீக்கடையில் நிறுத்தி முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப பையர் முன்னாடி இழுக்கலீங்களா?" என்றார். இத்தனை வருடம் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா பில்லுல பேசியிருப்பனுங்க" என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

அந்தப் பெண்ணிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவரைக் கண்டுபிடிக்க நாலு போன் போதும். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அன்று அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். அவர் கவனக்குறைவானவர் என்ற பேச்சு அப்போது மற்ற கம்பெனிகள் வரை போனது எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்தச் சார்ட்டில் இருந்த தேதி நான் கொடுத்தது. அது சரிதானா என்று அவர் என்னிடம் இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டு முறையும் நான் மறுத்தேன்.