சொல்ல ஓர் ஆள் வேண்டும்



"டிப்ளமோ முடிச்சாச்சுன்னா வேலைக்குப் போயிடலாம்ல? அப்புறம் எதுக்கு மேல படிப்பு?" நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கேள்வி உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "பணம் இருக்கிறவன் படிக்கிறான்" என்பார் அப்பா. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

2021-22ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்குப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இது தானாக வந்ததல்ல. கோச்சிங் போக வசதியில்லாதவர்களை வடிகட்டிய தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2007-இல் இங்கே ஒழிந்தது. 2010-இல் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. டிப்ளமோ முடித்த நாம் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேரலாம். கதவுகள் இருக்கின்றன. ஆனால் கதவு இருப்பது நமக்குத் தெரிய வேண்டுமே!

எங்கள் தெருவில் ஓர் அண்ணன். டிப்ளமோவில் நல்ல மார்க். ஒரு புரோக்கர் வீட்டுக்கே வந்து, "கவுன்சலிங்குன்னா அலைச்சல்ப்பா, நான் நேரா சேர்த்து விடுறேன்" என்றார். அம்மாவின் தோடும் செயினும் அடகுக்குப் போயின. சேர்ந்த பிறகு முதல் பட்டதாரிச் சலுகை கேட்டபோது, "மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு அது கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருடத்தோடு படிப்பு நின்றது. இன்று வயரிங் வேலைக்குப் போகிறார். நகை இன்னும் மீளவில்லை. கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான் சலுகை என்ற ஒரு வரியை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால்?

எங்கள் வீட்டிலும் ஒரு சிக்கல் வந்தது. முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். "நீ எடுத்துக்கிட்டா பாப்பாவுக்கு இல்லாமப் போயிடுமேடா" என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வேலைக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஒர்க்‌ஷாப் சார்தான் கூப்பிட்டு விளக்கினார். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் அவளுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா கேட்டார்: "இதை ஏன்டா இத்தனை நாளா யாரும் சொல்லல?"

யார் சொல்வார்கள்? பட்டதாரி இருக்கும் வீட்டில் சாப்பிடும் நேரத்திலேயே இதெல்லாம் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்துவிடும். நம் வீடுகளில் பேச்சு நாளைய கூலியைப் பற்றியது. பணம் இல்லாதது ஒரு ஏழ்மை என்றால், சொல்ல ஆள் இல்லாதது இன்னொரு ஏழ்மை. முதல் ஏழ்மையை நாம் உடனே தீர்க்க முடியாது. இரண்டாவதைத் தீர்க்க முடியும்!

ஃபைனல் இயர் நண்பர்களே, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்னாடியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். அரியரை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளாதீர்கள். புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கவுன்சலிங் தேதிகளையும் தேவையான சான்றுகளையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். நாம் ஒவ்வொருவரும் படித்த பள்ளிக்கு வருடம் ஒருமுறை போய், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேசுவோம். பெரிய பிரசங்கம் வேண்டாம். நமக்குத் தெரிந்த வழியைச் சொன்னால் போதும்.

எனக்குச் சொல்ல ஒரு சார் இருந்தார். அந்த அண்ணனுக்கு யாரும் இல்லை. அடுத்து வருகிறவர்களுக்கு நாம் இருப்போம்!