இருபது சிப்பாய்க்கு ஒரு துரை

ராபின் ஹூட்டுக்காக நாட்டிங்ஹாம் வருகிறவர்கள் ஒரு வகை. ஓர் அங்குல உயரச் சிப்பாய்களுக்காக வருகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது கூட்டம். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இங்கே லென்டனில்தான் இருக்கிறது. 2007இல் தொடங்கிய வார்லார்ட் கேம்ஸ் நிறுவனமும் இந்த ஊர்க்காரர்தான். இவற்றை ஒட்டி, நான்கைந்து பேரோடு ஓடும் வார்ப்புப் பட்டறைகள் பல உண்டு. மேசைமேல் போர் விளையாடுகிறவர்கள் இந்த வட்டாரத்துக்கு ‘லெட் பெல்ட்’ (ஈயப் பட்டை) என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் போனது அப்படி ஒரு சிறிய பட்டறை. உள்ளே நுழைந்ததும் சூடான ரப்பர் நாற்றம், எங்கு பார்த்தாலும் டால்கம் பவுடர். வட்டமான ரப்பர் அச்சு இரண்டு பாதியாகப் பிளந்து கிடந்தது. நடுவில் ஒரு குழி. அதிலிருந்து ஓரம் வரை வாய்க்கால்கள். ஒவ்வொரு வாய்க்காலின் முனையிலும் ஒரு மனிதனின் பள்ளம். வார்ப்பவர் அச்சின்மேல் பவுடரைத் தட்டி, இரு பாதிகளையும் சேர்த்து இயந்திரத்தில் வைத்துச் சுழலவிட்டார். பிறகு சிறு கரண்டியால் உருகிய உலோகத்தை நடுக்குழியில் ஊற்றினார். பெரும்பகுதி தகரம், தகரம் உருக 232 டிகிரி போதும் என்பதால் ரப்பர் தாங்குகிறது. சுழற்சி வேகத்தில் உலோகம் ஓரத்துக்குப் பாய்ந்து பள்ளங்களை நிரப்புகிறது. சில நிமிடங்களில் அச்சைப் பிரித்தால், துப்பாக்கியைத் தோளில் சாய்த்த சிப்பாய்கள் பூ இதழ்கள்போல வட்டமாக நிற்கிறார்கள்.

நான் உடனே அதிகாரிப் பொம்மையை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் முதலில் அதைத்தான் எடுப்பார்களாம். வாளை உயர்த்தி, வாயைத் திறந்து, கோட்டு வால் காற்றில் பறக்க நின்றார். “அவரை வார்ப்பது சுலபம். வாள் தடிமனாக இருக்கிறது, பாருங்கள். எங்கள் உயிரை எடுப்பது இந்தச் சாதாரண ஆள்தான்” என்று வார்ப்பவர் ஒரு சிப்பாயை நீட்டினார். பயனெட் பாதியில் மழுங்கியிருந்தது. மெல்லிய முனைக்குப் போய்ச் சேருவதற்குள் உலோகம் இறுகிவிடுகிறது. அந்தச் சிப்பாயும் அவனைப்போல ஊனமான இன்னும் சிலரும் மறுபடி கொப்பரைக்குள் போனார்கள். கெட்டுப்போன ஜெனரலும் அதே கொப்பரைக்குத்தான் போகிறார். அடுத்த முறை அவர் டிரம் அடிக்கும் பையனாக வந்தாலும் வரலாம்.

உருவம் வடிக்கும்போதும் இதே கதைதான். அதிகாரி கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் சரி, தனியாகத்தான் நிற்கப்போகிறார். சிப்பாய் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டியவன். முழங்கை கொஞ்சம் வெளியே வந்தால் பக்கத்து ஆள் நிற்க இடமில்லை. எல்லாருக்கும் நடை ஒன்று, முகம் வேறு வேறு. எவனும் தனித்துத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் விளம்பரப் படத்தில் வருவது துரைதான்.

கணக்கைப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் 10 கம்பெனிகள். ஏட்டுக் கணக்கில் 1,000 பேர், அதிகாரிகள் சுமார் 35. ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம் என்று வைத்தால், 30 பொம்மைப் படைக்கு ஓர் அதிகாரி தாராளம். நடப்பில் என்ன? ஓர் அதிகாரி, பட்டாளத்துக்குரிய இரண்டு கொடிகளோடு இரண்டு இளம் அதிகாரிகள், ஒரு டிரம்காரர், ஒரு சார்ஜென்ட். 24 பேர் படையில் ஐந்து பேர் இப்படிப் போய்விடுகிறார்கள். பல்லக்குத் தூக்க ஆள் தேடும்போது வந்தவர்களெல்லாம் உள்ளே ஏறி உட்கார்ந்த மாதிரி.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ள முடியாது. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் வார்ஹேமர் ஆட்டத்தில் 1990களில் நாயகப் பொம்மைகளே போரை முடித்துவிட, ஆட்டக்காரர்கள் அதை ‘ஹீரோஹேமர்’ என்று கேலி செய்தார்கள். 2010 பதிப்பு விகிதத்தை விதியாகவே போட்டது: பிரபுக்கள் மொத்தப் புள்ளிகளில் கால் பங்குக்கு மேல் கூடாது, நாயகர்களுக்கும் அதே வரம்பு, சாதாரணப் படை கால் பங்குக்குக் குறையக்கூடாது. வரலாற்றுப் போர் ஆட்டங்களில் அப்படி விதி தேவைப்படுவதில்லை. ‘பிளாக் பவுடர்’ விதிகளில் மேல்மட்டத் தளபதி உத்தரவு கொடுக்கும்போதுதான் பகடை உருள்கிறது. பட்டாளத்துக்குள் நிற்கும் அதிகாரி பெரும்பாலும் அலங்காரம். அங்கே ஆசைக்கு அணை போடுவது பணமும் ரசனையும்தான்.

பட்டறையில் பொம்மை வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர் 1803 அசாயே போருக்குப் படை சேர்த்துக்கொண்டிருந்தார். வெல்லெஸ்லியின் கீழ் அங்கே போரிட்டவர்களில் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள் நிறையப் பேர் என்பதால் எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. சிவப்புக் கோட்டு, அரைக்கால் சல்லடம், வெறுங்கால். தலைப்பாகை பழைய வடிவத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். 1806இல் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் முக்கியக் காரணங்கள். ஆகவே இவருடைய சிப்பாய்கள் மூன்றாண்டு முந்தையவர்கள்; நெற்றியில் குறி தீட்டலாம். ஓர் அங்குல மனிதனின் நெற்றியில் நாமமும் திருநீறும்! அதற்கென்றே மிக மெல்லிய தூரிகை வைத்திருக்கிறாராம்.

ஆனால் அவர் கையிலிருந்த பொட்டலத்தில் அதிகாரி என்று இருந்தவர் ஐரோப்பியர் மட்டும்தான். 1796 படைச் சீரமைப்புக்குப் பிறகும் பட்டாளத்தின் ஒவ்வொரு கம்பெனியிலும் இந்திய அதிகாரிகளாக ஒரு சுபேதார், ஒரு ஜமேதார் இருந்தார்கள். சிப்பாய்கள் தினமும் முகம் பார்த்தது அவர்களை. அந்த சுபேதார் பொட்டலத்தில் இல்லை. ஏன் என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். புது உருவம் செதுக்க வேண்டும், புது அச்சு போட வேண்டும். பட்டாளத்துக்கு ஒன்றுதான் விற்கும், யாரும் கேட்பதில்லை என்றார். நியாயமான பதில்தான். ஆனால் அதே நியாயத்தை அவர் வாள் உயர்த்திய துரைக்குப் பார்க்கவில்லை.

பெரியவர் காத்திருக்கவில்லை. சிப்பாய் ஒருவனின் துப்பாக்கியை அறுத்துவிட்டு, பச்சை எபாக்சி களிமண்ணில் இடுப்புப் பட்டியும் மீசையும் வைத்து, கம்பியில் வாள் செய்து சுபேதாரை அவரே உண்டாக்கியிருந்தார். படத்தைக் கைபேசியில் காட்டினார். 24 பேர் பட்டாளத்தில் ஒரு துரை, ஒரு கொடி, ஒரு டிரம்காரர், ஒரு சுபேதார். மீதி 20 பேர் சிப்பாய்கள். இரண்டு கொடி வைக்காததற்கு எதிர் ஆட்டக்காரர்கள் திட்டுவார்கள் என்றார். திட்டட்டும் என்று சொல்லிவிட்டு, சிப்பாய்ப் பொட்டலத்தில் இன்னும் மூன்று வாங்கிக்கொண்டார்.