ஓசை அடங்கினால் போதுமா?

 

மத்ரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவன் மோட்டார் காரின் பிரேக்கைப் பற்றி எழுதுவானேன் என்று தங்களுக்குத் தோன்றலாம். இது கொடுக்கல் வாங்கலைப் பற்றிய விஷயமும் ஆகும். ஆதலால்தான் எழுதத் துணிந்தேன்.

ஈரோட்டில் ஜவுளி வணிகம் செய்யும் என் தங்கையின் கணவர், பத்தாண்டுகள் ஓட்டிய தம் காரைச் சென்ற ஆண்டு விற்றுவிட எண்ணினார். அதற்கு முன் பிள்ளைகளுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காட்டிவிட வேண்டும் என்று எங்களையும் அழைத்துச் சென்றார். 1799இல் ஷஹீதான திப்பு சுல்தான் தம் பெற்றோரின் அருகில் அடங்கியிருக்கும் கும்பஸை ஸியாரத் செய்துவிட்டு, சாம்ராஜ்நகர் வழியே திரும்பினோம். திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு இறங்கும் அந்த மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதித் தூரம் இறங்குவதற்குள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அவர் கைக்குள் நடுங்கலாயிற்று. முன்சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு அராவுவது போன்ற ஓசை எழுந்தது. பின்னால் அமர்ந்திருந்த என் தங்கை வாய்விட்டே ஓதத் தொடங்கிவிட்டாள். இரண்டாம் கியரில் என்ஜினின் இழுப்பையே துணையாகக் கொண்டு மெல்ல இறங்கினோம். அல்லாஹ்வின் கிருபையால் ஊர் வந்து சேர்ந்தோம்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கிற்று. காருக்கு ஆள் ஏற்கெனவே கிடைத்திருந்தார். கொடுமுடியைச் சேர்ந்த இளைஞர் அவர். மனைவியின் ஊர் தாளவாடி. கைக்குழந்தையுடன் இதே திம்பம் பாதையில் மாதந்தோறும் ஏறி இறங்க வேண்டியவர். தரகரோ எளிய வழி ஒன்று சொன்னார்: "புதுப் பேடு ஒரு ஜோடி போட்டுருங்க பாய். சத்தம் உடனே நின்னுரும். நடுக்கம் மேட்டுல இறங்கும்போதுதானே தெரியும்? அதுக்குள்ள கைமாத்திடலாம்."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். "மொதல்ல கழட்டிப் பாத்துரலாம் மச்சான்" என்றேன்.

கரூர் சாலையிலுள்ள ஒரு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் வேலை செய்யும் விதத்தை அன்றுதான் நேரில் கண்டேன். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. வண்டியின் ஓட்டம் வெப்பமாக மாறுகிறது. புதிய பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும்; 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். எங்கள் காரில் வெளிப்பேடு பாதி மிச்சமிருந்தது. உள்பேடோ தேய்ந்துபோய், பின்னாலிருக்கும் இரும்புத் தகடே டிஸ்க்கை அராவிக்கொண்டிருந்தது. காலிப்பர் நகர்ந்து செல்ல வேண்டிய பின் துருவேறி இறுகிவிட்டதால் ஒரு பக்கமே தேய்ந்ததாம்.

மெக்கானிக் டிஸ்க்கின் கனத்தை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்தார். "சத்தம் பேடோட குத்தமுங்க. நடுக்கம் டிஸ்க்கோட குத்தம். பேடு மட்டும் மாத்துனா சத்தம் போகுமுங்க, நடுக்கம் அப்படியேதான் இருக்கும்" என்றார். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம் மாறினாலும் கால்மிதியும் ஸ்டியரிங்கும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. லேத்தில் கடைந்து சமப்படுத்தலாமே என்று கேட்டோம். டிஸ்க்கின் விளிம்பிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தை அவர் காட்டினார். அது அதற்கும் கீழே போய்விட்டிருந்தது. ஆகவே இரண்டு முன்சக்கரங்களுக்கும் டிஸ்க்கும் பேடும் புதிதாக வாங்கியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறமாக இழுக்கும்.

பிரேக்குக்கு உறை போடும் யோசனை ஒரு குடும்பப் பெண்ணுக்குத் தோன்றியது என்பதைத் தாய்மார்கள் அறிந்து மகிழலாம். 1888இல் ஜெர்மனியின் பெர்தா பென்ஸ், கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரு மகன்களுடன் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதன்மேல் தோலை அடித்துக்கொண்டாராம்! பிற்காலத்தில் தோல் போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்று கண்டபின் வேறு கலவைகள் வந்தன. எந்தக் கலவையானாலும் பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடைப்பதே நலம். நம் சென்னை பாடியில் 1962 முதல் பிரேக் உறுப்புகள் செய்யும் தொழில் நடந்து வருகிறது. நல்ல சரக்கு அருகிலேயே கிடைக்க, மலிவு என்று பெயரில்லாப் பெட்டியை வாங்குவோரை என்னவென்பது?

செலவைக் கேட்டதும் மச்சான் தயங்கினார். விற்கப் போகும் வண்டிக்கு ஏன் இவ்வளவு என்ற எண்ணம் வணிகருக்கு இயல்பே. நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நினைவூட்டினேன். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். ஈரமாவது கைக்குத் தெரியும். புதுப் பேடுக்குள் மறைந்த நடுக்கம் திம்பத்தில் அல்லவா தெரியும்! மச்சான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முழுசாப் போட்டுருங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். தரகர் எழுந்து போய்விட்டார்.

பின்களைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் தடவி, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளிப் புதியவற்றைப் பொருத்தினார்கள். பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஆயில் மேலேறி வழியும். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவில் முறுக்க வேண்டும். கோணலாக முறுக்கினால் புது டிஸ்க்கும் நடுங்கும். எல்லாம் முடிந்ததும் மிதியைப் பலமுறை அழுத்திக் கெட்டியாகும்வரை வண்டியை எடுக்க விடவில்லை. முதல் இருநூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாம், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்குங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

இளைஞர் வந்தபோது மச்சான் பழைய டிஸ்க்குகளையும் ரசீதையும் எதிரே வைத்து நடந்ததைச் சொன்னார். பின்சக்கர டிரம்மில் உள்ள ஷூக்கள் இன்னும் ஓராண்டு தாங்கினால் அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்தப் பிள்ளை கெட்டிக்காரர்! ஷூவுக்கென்று இரண்டாயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டுதான் சாவியை வாங்கினார்.