ஓரம் குடித்த தண்ணீர்

பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பலகையோடுதான் வாழ்க்கை. இருபது வருஷமாய்க் கரும்பலகையோடு பழகியும், பலகையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒரு பிளைவுட் துண்டு நிரூபித்துவிட்டது.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில், முல்லையாற்றங்கரை ஓரமாக இருக்கிறது நம் ஊர். 1895-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்த பெரியாறு அணையின் ஜலம், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாய் இந்தப் பக்கம் வருகிறது. ஜூன் மாதம் முதல் போகத்துக்கு மதகைத் திறந்துவிட்டால் 14,707 ஏக்கர் வயலுக்கும் கொண்டாட்டம். ஆனால் நேற்று முழங்கால் அளவாயிருந்த துறை இன்று ஆளை இழுக்கும் மடுவாகிவிடும். ஆகவே மாணவர்களைக் கூட்டி ஒரு பலகை செய்தோம். "இங்கே ஆழம் அதிகம், குளிக்க" என்பது மேல் வரி, "வேண்டாம்" என்பது கீழ் வரி. முன்னும் பின்னும் மூன்று முறை எனாமல் பூசினோம். ஓரத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

மலைக் கணவாய் வழியே தென்மேற்குச் சாரல் வந்தது. பிறகு வெயில். பிறகு ஐப்பசி அடைமழை. மறு வருஷம் ஜூனில் ஒரு நாள் மாலை அவ்வழியே போனபோது, வெளியூர்ப் பையன்கள் இருவர் கரையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "பலகையைப் படிக்கவில்லையா?" என்று அதட்டினோம். "படித்தோமே, ஸார்!" என்றான் பெரியவன். திரும்பிப் பார்த்தோம். அடி ஓரம் உப்பி, ஏடு ஏடாய்ப் பிரிந்து, "வேண்டாம்" முழுவதும் உதிர்ந்திருந்தது. "குளிக்க" மட்டும் பளபளவென்று மின்னியது! தமிழில் மறுப்புச் சொல் கடைசியில் வருவது எவ்வளவு அபாயம் என்று அன்று நடுங்கிப் போனோம்.

பலகையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆசாரியிடம் போனோம். எழுபது வயதுக் கிழவர். "வாத்தியாரையா, முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டு வாயைத் திறந்து வைத்துவிட்டீர்களே! தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும்?" என்றார்.

அவர் சொன்னது சாஸ்திரம்தான். மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் பிளைவுட். எந்த ஓரத்தை எடுத்தாலும் சில ஏடுகளின் நாளங்கள் அங்கே வாய் திறந்திருக்கும். அவை திரிபோல் ஜலத்தை உறிஞ்சும். மழைநீர் வழிந்து கடைசியில் தங்குவதும் அடி ஓரத்தில்தான். நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, பசை விட்டுப் போகிறது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையின் பசை, 72 மணி நேரம் வெந்நீரில் கொதித்தாலும் விடாதபடி சோதிக்கப்பட்டது. ஆனால் "பசை தாங்கும், மரம் குடிக்கும், அதற்கும் ஓரம் பூச வேண்டும்" என்றார் ஆசாரி.

புதுப் பலகையை நன்றாக உலர்த்தினோம். கூர் விளிம்பில் வர்ணம் நிற்காது என்பதால், உப்புத்தாளால் தேய்த்துச் சற்றே உருட்டினோம். ஓரத்துப் பொந்துகளை எபாக்ஸி மக்கு வைத்து அடைத்தோம். பிறகு எபாக்ஸியை மெல்லியதாக ஒரு பூச்சு. மரம் அதைக் குடித்தபின் மேலும் இரண்டு. திருகாணித் துளைகளையும் முதலிலேயே போட்டு, உள்ளே பூசினோம். துளையும் ஓர் ஓரந்தானே! எபாக்ஸிக்கு வெயில் ஆகாதாகையால் மேலே எனாமல். அடி ஓரம் எதன்மேலும் உட்காராமல், நீர் சொட்டிப் போகும்படி மாட்டினோம். வாசகத்தையும் மாற்றினோம்: "வேண்டாம்! ஆழம்!" என்பதே இப்போது முதல் வரி.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஓர் எழுத்தும் உதிரவில்லை.

விடைத்தாளில் ஓரம் விட்டு எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லுகிறோம். பலகையில் மட்டும் ஓரத்தை விட்டுவிடக் கூடாது, நேயர்களே!